அன்னியோன்னியம் என்ற சொல்லுக்குள் ‘அன்னியம்’ இருக்கலாமா?

தங்கையின் திருமணத்தில் படித்துக் கொடுப்பதற்காக நீங்கள் எழுதிய வாழ்த்துமடலில் ‘என்றும் அன்னியோன்னியமாக வாழ்க’ என்று ஒரு வரி. அதைப் பார்த்த உங்கள் பெரியப்பா, ‘அன்னியன் என்பது அதில் இரண்டு தடவை வருகிறது, மணமேடையில் படிக்கிற மடலில் இந்தச் சொல் வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். அச்சகத்திலோ அதை ‘அந்யோந்யம்’ என்று மாற்றி வைத்துவிட்டார்கள். சொல்லின் பொருள் என்ன, எழுத்துமுறை எது, இதற்குத் தமிழ்ச் சொல் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு சொல் பிறந்த விதம் அதன் இன்றைய பொருளைக் கெடுத்துவிடுமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கெடுக்காது. அந்த வரி மடலில் தாராளமாக இருக்கலாம். ஆனால் பெரியப்பாவைத் தவறாக நினைக்காதீர்கள். சொல்லின் பிறப்பைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியும் மொழிபெயர்ப்புகளைச் செப்பனிட்டும் வருகிறேன். வடமொழியை ஓர் ஆசிரியரிடம் ஐந்து ஆண்டுகள் முறையாகப் படித்தேன். அதனால் பண்டிதன் ஆகிவிடவில்லை. சொல்லின் அமைப்பைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அது எப்படி இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லும் இடம் மட்டும் என் ஊகம். அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

‘அன்ய’ என்றால் மற்ற, வேறான. ‘அன்யஃ அன்யம்’ என்று இரண்டு தடவை சொன்னால் ‘மற்றவன் மற்றவனை’ என்று பொருள். முதல் சொல்லின் இறுதியில் ‘ஃ’ என்று காட்டிய விசர்க்கம் என்ற மூச்சொலி, பின்னால் அகரம் வரும்போது ஓகாரமாகத் திரியும். வருகிற அகரம் மறைந்துவிடும். இது வடமொழிப் புணர்ச்சி விதி. அன்யோன்யம் கிடைத்தது அப்படித்தான். ஒற்றைச் சொல்போலத் தோன்றும் இது உண்மையில் உறைந்துபோன ஒரு சின்னத் தொடர். எழுவாயும் இருக்கிறது, செயப்படுபொருளும் இருக்கிறது, வினை மட்டும் வெளியே நிற்கிறது. ‘பரஸ்பரம்’ என்பதும் இதே அச்சில் வார்த்ததுதான்: பரஃ பரம். அங்கே பகரத்தின் முன்னால் விசர்க்கம் ஸகரமாகிவிட்டது.

வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினி இந்தச் சொல்லுக்கு ஒரு தனி விதியே வைத்திருக்கிறார். ஒருவர் செய்வதை மற்றவர் திருப்பிச் செய்கிற செயல்மாற்றம் நிகழும்போது வினைச்சொல் ஆத்மனேபதம் என்ற தனி விகுதி வடிவம் பெற வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் வாக்கியத்தில் ‘இதரேதர’ அல்லது ‘அன்யோன்ய’ வந்துவிட்டால் அந்த வடிவம் வேண்டாம் என்கிறார். ‘பரஸ்பர’ என்பதையும் இந்தப் பட்டியலில் பின்னால் சேர்த்தவர், பாணினியின் விதிகளுக்கு வார்த்திகம் என்ற துணைவிதிகளை எழுதிய காத்தியாயனர். காரணம் எளிமையானது: ‘மாறி மாறி’ என்பதைச் சொல்லே சொல்லிவிட்டது, வினையும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்தச் சொல்லின் உயிர் இருபுறமும் நிகழ்கிற கொடுக்கல் வாங்கல். அன்பு, நெருக்கம் எதுவும் அதில் அப்போது இல்லை.

இதை நம் ‘ஒருவரை ஒருவர்’ என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் உறைந்த தொடர்தான். வினை அதிலும் வெளியே நிற்கிறது. வடமொழியில் எழுவாய் முன்னே, செயப்படுபொருள் பின்னே. தமிழில் செயப்படுபொருள் முன்னே, எழுவாய் பின்னே. அதைவிடப் பெரிய வேறுபாடு, வடமொழி இருவரையும் ‘மற்றவர்’ என்று எண்ணுகிறது. தமிழ் இருவரையும் ‘ஒருவர்’ என்று எண்ணுகிறது. கம்பன் மிதிலைக் காட்சியில் ‘ஒன்றை ஒன்று உண்ணவும்’ என்று கண்களைச் சொல்லிவிட்டு, அடுத்து ‘ஒருவரை ஒருவர்தம் உள்ளம் ஈர்த்தலால்’ இருவரும் மாறிப் புக்கு இதயம் எய்தினார் என்று முடிக்கிறான். தமிழில் இந்த அமைப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு எனக்கு இந்த இடத்தைவிட நல்ல சான்று தேவைப்பட்டதில்லை. ஆகவே பரிமாற்றம் என்ற கருத்தைச் சொல்லத் தமிழ் யாரிடமும் கடன் வாங்க வேண்டிய நிலையில் இருக்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடமொழியில் பகைவர் இருவர் அன்யோன்யம் அடித்துக்கொண்டார்கள் என்று எழுதலாம். ஒரு தவறும் இல்லை. பக்கத்து மலையாளத்தில் இன்றும் அந்த நடுநிலை அப்படியே இருக்கிறது. அங்கே ‘அன்யோன்யம்’ என்றால் வெறுமனே ‘ஒருவருக்கொருவர்’. திருச்சூர் மாவட்டத்துக் கடவல்லூர் ஶ்ரீராமசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் ரிக்வேதப் போட்டிக்கு ‘கடவல்லூர் அன்யோன்யம்’ என்றே பெயர். திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு ஓதல் மரபினரும் எதிரெதிரே அமர்ந்து ஓதிக் காட்டுவார்கள். ஒருவரை ஒருவர் சோதிப்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். தமிழர் ஒருவர் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டால் ஏதோ நல்லிணக்க விழா என்று நினைத்துக்கொள்வார்.

தர்க்க நூல்களில் இந்தச் சொல் இன்னும் வறண்ட இடங்களில் வருகிறது. ‘அன்னியோன்னியாசிரயம்’ என்பது ஒரு குற்றத்தின் பெயர்: முதலாவதை நிறுவ இரண்டாவது வேண்டும், இரண்டாவதை நிறுவ முதலாவது வேண்டும் என்று சுற்றி வருவது. ‘ஆசிரியர் யார்? மாணவனுக்குக் கற்பிப்பவர். மாணவன் யார்? ஆசிரியரிடம் கற்பவன்’ என்பது போல. ‘பரஸ்பரம் என்றால் அன்னியோன்னியம், அன்னியோன்னியம் என்றால் பரஸ்பரம்’ என்று பொருள் சொல்லி நிறுத்திக்கொண்டாலும் இதே குற்றம்தான். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று ‘அன்னியோன்னியாபாவம்’. வைசேடிகம் என்ற தத்துவ மரபினர் இன்மையை நான்காகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, ஒரு பொருள் மற்றொன்றாக இல்லாமை. குடம் துணி அன்று, துணி குடம் அன்று. மற்ற மூன்றும் ஒரு பொருள் ஓரிடத்திலோ ஒரு காலத்திலோ இல்லாதிருப்பதைப் பற்றியவை. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை இரண்டு வெவ்வேறு சொல்லாகவே வைத்திருக்கிறது. ‘குடம் இங்கே இல்லை’. ‘குடம் துணி அன்று’. இந்த இரண்டையும் நாம் கலந்து ‘இல்லை’ என்ற ஒன்றாலேயே எழுதத் தொடங்கிவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். அது தனிக்கதை.

இனித் தமிழுக்கு வருகிறேன். தமிழில் இந்தச் சொல் பகைக்கு வராது. ‘இரண்டு கட்சியினரும் அன்னியோன்னியமாகக் கல்லெறிந்துகொண்டனர்’ என்று எந்தச் செய்தியாளரும் எழுத மாட்டார். இங்கே அதன் பொருள் மனம் ஒத்த நெருக்கம், அதிலும் பெரும்பாலும் கணவன் மனைவியின் நெருக்கம். நாள்தோறும் செய்தித்தாளைத் திறந்தால் ராசிபலனில் ‘தம்பதியரிடையே அன்னியோன்னியம் கூடும்’ என்ற வரியைப் பார்க்கலாம். இன்று இச்சொல்லை உயிரோடு வைத்திருப்பவை ராசிபலன்களும் திருமண வாழ்த்துகளும்தான் என்று சொன்னால் மிகையாகாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே நெருக்கப் பொருள் உண்டு. ‘அன்யோன்ய தாம்பத்தியம்’ என்பது தெலுங்கில் வெகு இயல்பான தொடர்.

இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது? இங்கிருந்து என் ஊகம். வெறும் பரிமாற்றத்தைச் சொல்ல நம்மிடம் ‘ஒருவருக்கொருவர்’ இருந்தது. அலுவல் மொழிக்குப் ‘பரஸ்பரம்’ வந்து அமர்ந்துகொண்டது. அன்னியோன்னியத்துக்கு அந்த வேலையில் இடமில்லை. ஆகவே அது வீட்டுக்குள் போய் நெருக்கத்தின் பெயராகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையாளத்திலும் ‘தம்மில்’ என்ற சொந்தச் சொல் இருக்கிறது, ‘பரஸ்பரம்’ இருக்கிறது. இருந்தும் அங்கே அன்யோன்யம் பழைய பொருளை விட்டு நகரவில்லை. ஆகவே என் ஊகத்தை நானே முழுமையாக நம்பவில்லை. பொருள் நகர்ந்தது என்பது உறுதி. காரணத்தை இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பரஸ்பரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எழுதுகிறவர்களுக்கு முக்கியம். பரஸ்பரம் எதற்கும் வளைந்து கொடுக்கும். பரஸ்பர மரியாதை, பரஸ்பர ஒத்துழைப்பு என்பது போலவே ‘பரஸ்பரம் குற்றம் சாட்டினர்’ என்றும் எழுதலாம். பலருடைய பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதிக்குப் ‘பரஸ்பர நிதி’ என்று பெயர். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தில் 13பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குப் பெற வழிசெய்வது அது. தமிழில் அதைப் ‘பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து’ என்கிறோம். அந்த இடத்தில் ‘அன்னியோன்னிய சம்மதம்’ என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். பிறப்பில் இரண்டும் ஒரே பொருள். இன்றோ ஒன்று பிரிவதற்கான ஒப்புதலுக்கும் பயன்படுகிறது, மற்றது சேர்ந்து வாழ்வதற்கு மட்டும். உங்கள் பெரியப்பாவிடம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லுங்கள். சொல்லின் வேரைக் கொண்டு மங்கலம், அமங்கலம் பார்ப்பதென்றால் ‘பரஸ்பர’த்தையும் விலக்க வேண்டியிருக்கும், அதிலும் ‘பர’ என்பது பிறர்தான்.

இருந்தாலும் பழைய பொருளின் ஒரு பகுதி தமிழில் இன்னும் சாகவில்லை, அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இருபுறமும் இருந்தால்தான் அன்னியோன்னியம். கைப்பிரதிகளில் நான் அடிக்கடி திருத்துகிற வாக்கியம் ‘அவள் மீது அவனுக்கு மிகுந்த அன்னியோன்னியம் இருந்தது’ என்பது. அன்பு ஒருவர் மீது இருக்கலாம், பாசம் இருக்கலாம், கோபம் இருக்கலாம். அன்னியோன்னியம் ஒருவர் மீது இருக்க முடியாது. ‘அவளுக்கும் அவனுக்கும் இடையே’ என்றோ ‘இருவரும் அன்னியோன்னியமாக’ என்றோதான் வரும். ‘உம்’ இரண்டு தடவை வந்து இரண்டு பேரையும் சமமாக நிறுத்த வேண்டும். வெறும் நெருக்கத்தைச் சொல்ல ‘நெருக்கம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அது ஒருபக்கமாகவும் இருக்கலாம்.

இந்த விதியில் நான் தோற்றுப்போன சம்பவம் ஒன்று உண்டு. ஒரு நாவலின் மெய்ப்பில், பிறந்து பத்து நாளான மகளை மடியில் வைத்திருக்கும் தகப்பனுக்கும் அந்தக் குழந்தைக்கும் ‘சொல்லில்லாத ஓர் அன்னியோன்னியம்’ என்று இருந்தது. பத்து நாள் குழந்தை பதிலுக்கு என்ன தரும் என்று எண்ணி ‘நெருக்கம்’ என்று மாற்றி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். எழுதிய அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். ‘ஐயா, இரண்டு வரிக்கு முன்னால் படித்தீர்களா? குழந்தை அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்றார். திரும்பப் படித்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அவருடைய சொல்லை அதன் இடத்தில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். விதியை நான் கைவிடவில்லை; அந்த அம்மையார் என்னைவிட நன்றாக அதைப் புரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான்.

தமிழ்ச் சொல் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ் அகப்பொருள் இலக்கணமே இந்த இருபக்கத் தன்மையை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. ஒத்த அன்பு ஐந்திணை, ஒருபக்கம் மட்டும் இருந்தால் கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை. ‘ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப’ என்று தொல்காப்பியம் களவியலைத் தொடங்கும்போது ‘ஒத்த’ என்ற சொல்லுக்குத்தான் முழு எடையும். திருவள்ளுவரோ நேராகச் சொல்லிவிட்டார்:

‘ஒருதலையான் இன்னாது காமம்காப் போல
இருதலை யானும் இனிது.’

இது 1196ஆவது குறள். ‘கா’ என்பது காவடித் தண்டு. தோளில் தண்டை வைத்து இரண்டு முனையிலும் சம எடை தொங்கினால் நடக்கலாம். ஒரு முனையில் மட்டும் என்றால் தோள் இற்றுவிடும். பரிமாற்றத்தை இவ்வளவு உடம்போடு ஒட்டிச் சொன்ன உவமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் வருகிற ‘இருதலை’தான் நீங்கள் தேடுகிற சொல். ‘ஒருதலைக் காதல்’ இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதன் இணையான ‘இருதலை’யை நாம் எங்கோ தவறவிட்டோம், ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ என்று சங்கடத்தைச் சொல்வதற்கு மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. அதன் இடத்தில் நாடுகளின் உறவைச் சொல்லும்போது ‘இருதரப்பு’ என்று எழுதுகிறோம். அதிலுள்ள ‘தரப்பு’ அரபிலிருந்து உருது வழியாக வந்தது. கடன் சொல் என்பதற்காக நான் அதை வெறுக்கவில்லை, நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ‘இருதலை’யும் மீண்டும் புழக்கத்துக்கு வந்தால் மகிழ்வேன். ஆனால் வாழ்த்துமடலில் ‘இருதலைக் காதலோடு வாழ்க’ என்று நீங்கள் எழுதினால் படிக்கிறவர்கள் கொள்ளிக்கட்டையைத்தான் நினைப்பார்கள். அதனால் மடலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மடலுக்கு ‘மனமொத்து வாழ்க’ போதுமானது; ‘ஒத்த’ என்ற பழைய சொல்லின் எடை அதில் இருக்கிறது. ‘ஒருவருக்கொருவர் துணையாக’ என்பதும் நன்று. ‘நகமும் சதையும்போல’ என்பது பேச்சில் அழகு. ஆனால் நான் தவிர்ப்பேன், நகத்தைச் சதையிலிருந்து பிரிக்கிற வலியும் அந்த உவமையோடு நினைவுக்கு வந்துவிடும். அன்னியோன்னியம்தான் வேண்டும் என்றால், பெரியப்பாவின் மனம் ஆறும்படி அதற்கு ஒரு விளக்கம் தருகிறேன். அணி நூல்களில் அன்யோன்யம் என்றே ஓர் அணி உண்டு: இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று நன்மை செய்வதாகச் சொல்வது. ஆரணிக்கு அருகில் உள்ள அடையபலத்தைச் சேர்ந்த அப்பய்ய தீட்சிதர் தம் குவலயானந்தத்தில் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, ‘இரவு நிலவால் ஒளிர்கிறது, நிலவு இரவால் ஒளிர்கிறது’ என்பது. இரவு நிலவாகிவிடுவதில்லை, நிலவும் இரவாகிவிடுவதில்லை. இரண்டும் வேறாக இருப்பதனால்தான் ஒன்று மற்றதற்கு அழகு தர முடிகிறது. சொல்லுக்குள் இருக்கும் அந்த இரண்டு ‘அன்னிய’மும் மணமக்கள் இருவரும் இருவராகவே இருந்து ஒருவருக்கொருவர் ஒளி தரட்டும் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டால், இதைவிடப் பொருத்தமான வாழ்த்து ஏது? இது என் விளக்கம். அகராதியில் தேடாதீர்கள்.

கடைசியாக எழுத்துமுறை. வடமொழியின் ‘ன்ய’ தமிழுக்கு வரும்போது நடுவில் ஓர் இகரம் நுழையும். முன்னால் குறில் இருந்தால் மெய் இரட்டிக்கும்: அன்னியம், புண்ணியம். நெடில் இருந்தால் இரட்டிக்காது: தானியம், சூனியம், சாமானியம். இந்தக் கணக்கின்படி, ஓகாரம் நெடில் என்பதால் ‘அன்னியோனியம்’ என்று வர வேண்டும். ஆனால் ‘அன்னியோன்னியம்’ என்பதே நிலைத்துவிட்டது. இரண்டு பாதியும் ஒரே சொல் என்பது காதுக்குத் தெரிவதால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். ‘அந்நியோந்நியம்’ என்று நகரமிட்டு எழுதுவது வடமொழி ஒலியைக் காட்டுவதற்காக, தவறில்லை. அச்சகத்தார் போட்ட ‘அந்யோந்யம்’, பலர் எழுதும் ‘அன்யோன்யம்’ இரண்டும் வடமொழி மெய்ம்மயக்கத்தை அப்படியே வைத்திருப்பவை. கட்டுரையில் நான் ஏற்பேன், தமிழ் ஓசையில் நடக்கிற வாழ்த்துமடலில் திருத்திவிடுவேன். நீங்கள் முதலில் எழுதியதே சரி. அச்சகத்தில் அதையே போடச் சொல்லுங்கள். மெய்ப்பு வந்ததும் அந்தச் சொல்லில் மட்டும் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இரண்டாவது ‘ன்’தான் எப்போதும் விடுபட்டுப்போகும்.